பல்லேபொலையிலிருந்து வந்த வெளிநாட்டு ஆட்டக்காரர்

1

நடக்காமல் போன ஒரு பட்டிமன்றத்தில்தான் இந்தக் கதை பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் வெட்கம் எனக்குத்தான்.

2008. மாத்தளையில் எங்கள் வாசகர் வட்டத்துக்குப் பத்தாவது ஆண்டு விழா. பட்டிமன்றம் வேண்டும் என்றார்கள். நாட்டில் நடப்பதைப் பற்றிப் பேசினால் வீடு போய்ச் சேரமாட்டோம் என்று எல்லோருக்கும் பயம். ஆகவே யாருக்கும் நோகாத தலைப்பாகத் தேடித் தேடி இதைப் பிடித்தார்கள்: "அண்டை நாடுகள் தொழில்முறை உதைபந்தாட்ட லீக்கை ஒன்றாக நடத்தலாமா, கூடாதா?" உதைபந்தில் என்ன வம்பு வரப்போகிறது என்று நினைத்திருப்பார்கள், பாவம்.

எனக்கு 'நடத்தலாம்' கட்சி. என்னை நூருன்னிஸா டீச்சர் என்றால் ஊரில் தெரியும், கணக்குப் படிப்பிக்கிறவள். கதை எழுதுகிறவள் என்பது அவ்வளவாகத் தெரியாது. பேச்சுக்குக் குறிப்பு எழுதினேன். சின்ன ஊர்க் கிளப்புகளுக்குப் பெரிய ஆட்டம் கிடைக்கும். நல்ல ஆட்டக்காரனுக்குச் சம்பளம் கிடைக்கும். இரண்டு பக்கத்துச் சனமும் ஒரே கிரவுண்டில் உட்கார்ந்து ஒரே றெஃபரியைத் திட்டும். அதைவிட ஒற்றுமை வேறு என்ன? ஐந்தாவதாக, "வீரர்கள் தடையின்றிக் கடல் தாண்டிப் போய்த் திரும்பலாம்" என்று எழுதினேன்.

எழுதியதும் பேனாவை மூடிவைத்துவிட்டேன்.

பட்டிமன்றம் நடக்கவில்லை. கண்டி வீதியில் சோதனை, நடுவர் வந்த பஸ்ஸைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆனால் என் ஐந்தாவது குறிப்பு அப்படியே கிடந்தது. அதன் பக்கத்தில் லெட்சுமணன் என்று ஒருவன் வந்து நின்றுகொண்டான். போ என்றாலும் போகவில்லை.

2

தொடக்கங்கள். மூன்று எழுதினேன்.

"பனி மூடிய மலைகளுக்கு நடுவே..." பனியாம் பனி. மலைநாட்டுக் கதை என்றால் முதல் வரியில் பனி விழுந்தே ஆகவேண்டுமா? நான் சொல்லப்போகும் மாதத்தில் மாத்தளையில் தார் ரோட்டில் செருப்பு ஒட்டும். அடித்துவிட்டேன்.

"லெட்சுமணன் வலப்பக்கம் பாய்ந்தான். பந்து அவன் விரல் நுனியில்..." இதுவும் வேண்டாம். கோல்கீப்பர் பாய்ந்தால் வாசகர் கண் பந்துக்குப் போய்விடும். எனக்கு ஆளைப் பார்க்கவேண்டும்.

"லெட்சுமணனிடம் ஒரு பாஸ்போட் இருந்தது. அதை அவன் திறந்து பார்ப்பதே இல்லை." இது இருக்கட்டும்.

(அவன், இவன் என்று எழுதுவது எனக்கே ஒரு மாதிரியாக இருக்கிறது. நேரில் 'நீங்க' என்றுதான் பேசியிருப்பேன். 'அவர்' போட்டு ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன், ஆள் தூரமாகிவிட்டார். மன்னிக்கவேண்டும், அவன்தான்.)

3

லெட்சுமணனிடம் ஒரு பாஸ்போட் இருந்தது. அதை அவன் திறந்து பார்ப்பதே இல்லை.

பல்லேபொலப் பக்கம் ஒரு கொக்கோத் தோட்டம். அங்கே லயம் என்கிற வரிசை வீட்டில் பிறந்து, அங்கேயே வேலைக்குப் பேர் பதிந்து, மண்வெட்டியும் கவ்வாத்துக் கத்தியுமாக வளர்ந்தவன். இருபத்தாறு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி டவுனுக்கு வந்து மாத்தளைக் கிளப்புக்குக் கோல் காப்பான். கெட்டிக்காரன்தான், ஆனால் சரியான பயந்தாங்கொள்ளி. பந்து எதிர்ப்பக்கக் கோலடியில் கிடக்கும்போதே "பின்னால பாருங்கடா, பின்னால பாருங்கடா" என்று கத்தத் தொடங்கிவிடுவான். ஒருநாள் கப்டன் இத்ரூஸ் திரும்பிப் பார்த்து, "பின்னால நீதானேடா நிக்கிறாய், வேற யாரு ஈக்கிறா?" என்று கேட்டான். கிரவுண்டே சிரித்தது. லெட்சுமணன் சிரிக்கவில்லை. அந்தப் பயம்தான் அவனைக் கோல்கீப்பர் ஆக்கியது. மற்றவர்கள் பந்து வந்த பிறகு பாய்வார்கள், இவன் வருமோ வருமோ என்று முதலே போய் நிற்பான்.

பாஸ்போட் வந்த விதம் இது. தோட்டத்துச் சனத்தை இந்திய, இலங்கை அரசாங்கங்கள் பங்கு போட்டுக்கொண்ட காலத்தில், லெட்சுமணனின் அப்பா இருளாண்டி இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதிக் கொடுத்தார். சின்னப் பையனான லெட்சுமணனின் பெயரும் அதே மனுவில் ஏறிவிட்டது. பாஸ்போட்டுகள் வந்து சேருவதற்குள் இருளாண்டி செத்துப்போனார். மகனுடையதில் ஒரு முத்திரை இருந்தது. இன்ன திகதி வரைக்கும் இலங்கையில் இருக்கலாம், அதற்குப் பிறகு கப்பல் ஏறவேண்டும். அந்தத் திகதி 1977இல் முடிந்துவிட்டது. கதை நடப்பது 1982இல். தோட்டத்துக் கிளாக்கர் கேட்கவில்லை, அவருக்கு வேலைக்கு ஆள் வேண்டும். லெட்சுமணனும் சொல்லவில்லை. தகரப்பெட்டியில் மனைவி வேலம்மாவின் கூறைச்சேலைக்கு அடியில் அது கிடந்தது.

வேலம்மாவின் அப்பா சிலோனுக்கு எழுதிக் கொடுத்தவர். அவளுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை வந்துவிட்டது. ஒரே லயம், ஒரே அடுப்பு, இரண்டு நாடு. நடுவில் தவழ்ந்து திரிந்த மகளுக்கு எந்த நாடு என்று அவர்கள் பேசிக்கொள்வதே இல்லை.

4

லீக்குக்கு வருகிறேன்.*

இந்தியாவின் தென்பகுதியிலிருந்து ஆறு கிளப், இலங்கையிலிருந்து ஆறு கிளப். 'இரு கரை லீக்' என்று பெயர். சம்பளத்துக்கு ஆட்டம். தலைமன்னாரிலிருந்து கப்பலில் போய் அங்கே பாதி, இங்கே பாதி. மாத்தளைக் கிளப்பின் செகட்டரி ஜுனைதீன் இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அவருடைய ஹாட்வெயார் கடையில் ஆணி நிறுப்பவர் யாரும் இல்லை. அவர் எந்நேரமும் லீக்கின் விதிகளை வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு விதி அவரைப் படுத்திவைத்தது. ஒவ்வொரு கிளப்பிலும் மற்ற நாட்டு ஆட்டக்காரர் குறைந்தது ஒருவராவது இருக்கவேண்டும். இல்லாவிட்டால் விண்ணப்பமே எடுக்கமாட்டார்கள்.

கொழும்புக் கிளப்புகள் கல்கத்தாவில் ஆள் பிடித்துவிட்டன. மாத்தளைக் கிளப்புக்குப் பந்துக்குக் காற்றடிக்கவே ஆள் தட்டுப்பாடு. இந்தியனுக்கு எங்கே போவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட்டம் முடிந்து எல்லோரும் கடைக்குப் பின்னால் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, ஜுனைதீன் லெட்சுமணனையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று துள்ளி எழும்பினார்.

"யா அல்லாஹ்! வெண்ணெயக் கையில வெச்சிக்கிட்டு ஊரெல்லாம் நெய் தேடி ஈக்கிறோமே! தம்பி லெட்சுமணன், ஒங்கட பாஸ்போட் இந்தியாதானே?"

லெட்சுமணன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"மொதலாளி, அதப் பத்திப் பேச வேணாங்க."

"என்னத்துக்கு? நம்மட வெளிநாட்டு ப்ளேயர் நீங்கதான்! பல்லேபொலயிலேந்து பஸ்ஸில வார வெளிநாட்டு ப்ளேயர்!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இத்ரூஸ் எழுந்து, வெள்ளைக்காரனுக்குக் கொடுப்பதுபோல லெட்சுமணனுக்குக் கை கொடுத்தான். "ஹலோ மிஸ்டர், சிலோன் எப்படி, புடிச்சிருக்கா?"

"வெளையாடாதீங்கண்ணே," என்றான் லெட்சுமணன். "அது பொட்டியில கெடக்குது, அப்படியே கெடக்கட்டும். அத வெளிய எடுத்தா நான் இங்க இருக்கிறதே தெரிஞ்சு போயிரும்ங்க."

"யாருக்குத் தெரியும்? நெரப்பப் போறது ஃபுட்போல் ஃபோம். கவர்மென்ட் கந்தோர்ல பந்து பாக்கிறவன் வேற, பாஸ்போட் பாக்கிறவன் வேற," என்றார் ஜுனைதீன். நல்ல மனிதர். கெட்ட எண்ணம் ஒரு துளியும் இல்லை. நல்ல மனிதர்கள் உற்சாகமாக இருந்தால் எனக்குப் பயம், இன்றைக்கும்.

லெட்சுமணன் ஏன் கடைசியில் சரி என்றான்? இந்த இடத்தில் அவனை நம்பமுடியாமல் இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். இவ்வளவு பயந்தவன் எப்படிச் சம்மதிப்பான்? பிறகு விளங்கியது. அவனுக்கு ஆசை. வலை கட்டின கோலில் நிற்கவேண்டும் என்ற ஆசை. மாத்தளையில் வலை இல்லை. கோல் போனால் கோல்கீப்பரே ஓடிப்போய் வேலி தாண்டிப் பந்தை எடுத்துவரவேண்டும். ஒரு தடவையாவது, பின்னால் வலை இருக்கிற தைரியத்தில் நிற்கவேண்டும். அதை அவன் ஒருவரிடமும் சொன்னதில்லை. பத்துப் பேரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றபோது, அவன் இல்லாவிட்டால் ஒருவருக்கும் லீக் இல்லை என்று தெரிந்தபோது, "சரிங்க மொதலாளி" என்று அவன் வாய் சொல்லிவிட்டது.

* அப்படி ஒரு லீக் நடக்கவில்லை. பழைய பேப்பர்களில் தேடாதீர்கள். நான் உண்டாக்கினது. விதிகளும் நான் போட்டவை. அந்த ஒரு விதியை எழுதும்போது கை கொஞ்சம் நின்றது, உண்மை.

5

[விண்ணப்பத்தை ஜுனைதீன் நிரப்பினார். பெயர், தகப்பன் பெயர், பிறந்த இடம்: பல்லேபொல. நாடு: இந்தியா. அவர் அழகான எழுத்தில்...]

பொய். வாப்பாவின் எழுத்து கோழி கிண்டினது மாதிரி இருக்கும். ஆமாம், ஜுனைதீன் என் வாப்பா. இவ்வளவு நேரமும் மறைத்துவிட்டேன். விண்ணப்பத்தை மகளிடம்தான் கொடுத்தார். அவளுக்கு அப்போதுதான் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. மூன்று மொழியும் முத்து முத்தாக எழுதுவாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். 'நாடு' என்ற இடத்தில் 'இந்தியா' என்று எழுதினது நான்.

லீக் பொய் என்றால் விண்ணப்பமும் பொய்தானே என்று கேட்பீர்கள். லீக் பொய். ஆனால் அந்த வருஷங்களில் கடைக்கு வந்து, "ஒரு ஃபோம் எழுதித் தாங்க டீச்சர்" என்று நின்ற சனம் பொய் இல்லை. அதில் ஒருவருக்கு நான் எழுதிக் கொடுத்த வேறொரு ஃபோம் பொய் இல்லை. அவருடைய உண்மைப் பெயரை இங்கே எழுதமாட்டேன். அவர் பந்து விளையாடினதாகவும் தெரியாது. கேட்டதில்லை.

6

இரண்டு கடிதம் வந்தது. ஒன்று கிளப்புக்கு: விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. கடையில் பட்டாசு வெடித்தார்கள். மற்றது தோட்டத்து முகவரிக்கு, லெட்சுமணன் பேருக்கு: உமது இருப்பு அனுமதி முடிந்து ஐந்து வருடம் ஆகிறது. நீர் உமது அணியுடன் புறப்படலாம். வெளிநாட்டு ஆட்டக்காரர் என்ற முறையில் சீசன் முடியும்வரை தங்குவதற்கு உமது கிளப் கேட்ட அனுமதி பரிசீலனையில் உள்ளது. கிடைத்தால், அந்தக் கடிதம் நீர் திரும்பி வரும்போது துறைமுகத்தில் இருக்கும்.

பந்து பார்க்கிறவரும் பாஸ்போட் பார்க்கிறவரும் ஒரே ஆள்தான் போலிருக்கிறது.

வேலம்மா அந்தக் கடிதத்தைக் கிளாக்கரிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். இரண்டாம் தடவையும் வாசிக்கச் சொன்னாள். அன்று பின்னேரம் அடுப்பு மூட்டவில்லை.

"கெடைச்சாங்கிறானே," என்றாள் லெட்சுமணனிடம். "கெடைக்காட்டி?"

"கெடைக்கும் புள்ள. மொதலாளி பேசியிருக்காரு."

"மொதலாளி ஆணி விக்கிறவரு. அவரு பேசுனா கப்பல் கேக்குமா? அங்க ஒங்களுக்கு யாரு இருக்கா? ஒரு ஊரு பேரு சொல்லுங்க பாப்போம்."

அவன் யோசித்தான். அப்பன் சொன்ன ஊர்ப் பெயர் கூட நினைவுக்கு வரவில்லை.

"நான் போகலேன்னு வையி," என்றான். "இப்பதான் அவங்களுக்குத் தெரிஞ்சு போச்சே. நாளைக்கே ஜீப்பு வந்து லயத்துக்கு முன்னால நிக்கும். ஏத்திக் கொண்டுபோயி அதே கப்பல்லதான் தள்ளுவாங்க. டீமோட போனா டீமோட வரலாம். பதினோரு பேரா போயிட்டுப் பத்துப் பேரா வந்தா கேள்வி வரும்ல?"

"யாரு கேப்பா?"



மறுநாள் வேலம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். [ஜுனைதீனின் மகள் அவளைக் கண்டதும் தலை குனிந்தாள். கண்கள் கலங்க...] இல்லை. தலை குனியவில்லை. உள்ளதைச் சொல்கிறேன். 'உட்காருங்க' என்று கதிரையை இழுத்துப் போட்டேன்.

"நீங்கதான் எழுதுனீங்களாம் டீச்சர்."

"ஓம்."

"அத அழிச்சுப்புட முடியாதா? பேனாவால எழுதுனத அழிக்க ஒரு மருந்து இருக்குன்னு சொன்னாங்க."

"அது கொழும்புக்குப் போயிட்டுது வேலம்மா."

"அப்ப நீங்க ஒரு காயிதம் எழுதுங்க. பெசகா எழுதிப்புட்டேன்னு எழுதுங்க."

நான் பயந்துவிட்டேன். அரசாங்க வேலை கிடைத்து மூன்று மாதம். பிழையாக எழுதினேன் என்று நான் எழுதிக் கொடுத்தால் என்ன ஆகுமோ என்று பயம். "பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது," என்றேன். உலகத்தில் இவ்வளவு இலேசாகச் சொல்லக்கூடிய பொய் வேறு இல்லை. அவள் என்னை நம்பினாளா என்று தெரியவில்லை. 'சரிங்க' என்று சொல்லிவிட்டுப் போனாள்.

(இந்தச் சந்திப்பையும் நான் உண்டாக்கினேனா என்று கேட்கவேண்டாம்.)

7

பட்டிமன்றக் குறிப்பை இப்போது திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். லீக்கை ஒன்றாக நடத்தலாமா?

கூடாது என்று சொல்ல வந்திருந்த அணியினர் என்ன சொல்லியிருப்பார்கள்? பெரிய நாடு சின்ன நாட்டை விழுங்கிவிடும். நல்ல ஆட்டக்காரரெல்லாம் அந்தப் பக்கம் போய்விடுவார்கள். நம் ஊர் கிரவுண்டில் மாடு மேயும். நியாயம்தான். நான் என்ன சொல்லியிருப்பேன்? பந்துக்கு எல்லை தெரியாது என்று நீட்டி முழக்கியிருப்பேன், கைதட்டும் வாங்கியிருப்பேன். பந்துக்குத் தெரியாது, சரி. பந்தைப் பிடிக்கிறவனுக்கு? கிளப்புகள் சேரலாம், வலை கட்டலாம், இரண்டு கொடியும் ஏற்றலாம். ஆனால் லெட்சுமணன் தன் சொந்த வீட்டுக்கு வருவதற்கு, 'வெளிநாட்டு ஆட்டக்காரர், சீசன் முடியும்வரை' என்று ஒரு கடிதம் வேண்டியிருக்கிறது. அந்த லீக் இல்லாவிட்டால் அந்தக் கடிதம் கூடக் கிடையாது. லீக்தான் அவனைக் காட்டிக்கொடுத்தது. லீக்தான் அவனுக்கு இருக்கிற ஒரே வழியும். இப்போது சொல்லுங்கள், நான் எந்தக் கட்சியில் பேச?

கணக்கு டீச்சர். இரண்டு பக்கமும் சமன் வராத கணக்கு எனக்குப் பிடிக்காது.

8

முடிவுகள்.

அ. லெட்சுமணன் போகவில்லை. டீமும் போகவில்லை. பத்துப் பேரும் அவனோடு பேசுவதில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை தோட்டத்துக்கு ஜீப் ஒன்று... இதை எழுதமுடியவில்லை. வேலம்மா பிள்ளையோடு ஜீப்புக்குப் பின்னால் ஓடுவதை என்னால் எழுதமுடியாது, போங்கள்.

ஆ. லெட்சுமணன் போகிறான். அங்கே வலை கட்டின கோலில் நிற்கிறான். கடைசி நிமிஷத்தில் பெனல்டியைப் பிடிக்கிறான். சனம் அவனைத் தூக்கிக்கொண்டு ஆடுகிறது. ஒரு பெரிய கிளப் அவனை அங்கேயே வேலைக்கு எடுத்து, வேலம்மாவையும் பிள்ளையையும் வரவழைத்து... இது நன்றாக இருக்கிறது, இல்லையா? எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் வேலம்மா வரமாட்டாள். அவளுடைய ஊர் இது. அவளை ஒரு வார்த்தை கேட்காமல் கப்பலேற்ற நான் யார்? ஏற்கனவே ஒருவரை ஏற்றிவிட்டேன்.

இ. எழுதி முடித்தது இதுதான், முக்கால்வாசி.

9

லெட்சுமணன் போனான். ஆடினான். மூன்று ஆட்டத்தில் இரண்டு கோல்தான் விட்டான். வலை அவன் நினைத்தது போலவே இருந்தது. முதல் நாள் யாரும் பார்க்காத நேரத்தில் அதைத் தொட்டுப் பார்த்தான். அங்கே அவனைச் 'சிலோன் கோலி' என்று கூப்பிட்டார்கள். அதற்கு அவன் சந்தோஷப்பட்டான், பைத்தியக்காரன்.

திரும்பி வருகிற கப்பலில் பாஸ்போட்டைச் சட்டைப்பையில் வைத்து, கையால் பொத்திக்கொண்டே வந்தான். தலைமன்னாரில் இறங்கினதும் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். இத்ரூஸ் போனான், முத்திரை. அடுத்தவன் போனான், முத்திரை. பத்துப் பேரும் அந்தப் பக்கம் போய், பைகளைத் தூக்கிக்கொண்டு ரயிலடியில் நின்றார்கள். அதிகாரி லெட்சுமணனின் பாஸ்போட்டைத் திறந்தார். ஒரு கட்டுக் காகிதத்தைப் புரட்டினார். மறுபடியும் முதலிலிருந்து புரட்டினார். கெட்டவர் இல்லை, உண்மையாகவே தேடினார்.

"ஒங்கட கடிதம் வரல்லியே," என்றார்.

"வரும்னு சொன்னாங்க ஐயா."

"வந்தா விடுவேன். வரல்ல. நீங்க அந்த வாங்கில இருங்க. கப்பல் நாளைக்குத் திரும்பிப் போகுது." பிறகு மற்றவர்களைப் பார்த்து, "நீங்க போகலாம், கோச்சி எடுக்கப் போறான்," என்றார்.

லெட்சுமணன் அந்த வாங்குப் பலகையில் உட்காரவில்லை. தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆட்டத்தில் கத்துவதுபோலக் கத்தினான். "போங்கண்ணே, போங்க! வேலம்மாகிட்ட... ரெண்டு நாள்ல வந்துருவேன்னு சொல்லிருங்க!" அவனுக்குப் பயம். வாழ்க்கை முழுவதும் வருமோ வருமோ என்று பயந்தது வந்துவிட்டது. இந்தத் தடவை முதலே போய் நிற்க இடம் இல்லை.

இந்த இடத்தில் நான் பேனாவை வைத்தேன். உண்மையான அந்த மனிதர் கோச்சி ஏறின நாளில் நான் மாத்தளை ஸ்டேஷனுக்குப் போகவில்லை. பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அன்றைக்கே திருத்தவேண்டிய தாள் ஒன்றும் இல்லை. ஆகவே இதை முடிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

உங்களுக்கு இருக்கலாம். பத்துப் பேர் என்று சொன்னேன். இத்ரூஸைத் தவிர ஒருவருக்கும் நான் பெயர் வைக்கவில்லை, கவனித்தீர்களா? ஒன்பது இடம் காலியாக இருக்கிறது. அதில் ஒன்று நீங்கள். உங்கள் பாஸ்போட் சரி, முத்திரை சரி, பையில் பிள்ளைகளுக்கு வாங்கின சாமான் இருக்கிறது. நாளைக்கு வேலை. நின்றால் உங்கள் பெயரையும் அந்த அதிகாரி எழுதிக்கொள்ளலாம். பத்துப் பேரும் நகரமாட்டோம் என்று நின்றால், ஒருவேளை அவர் மேலிடத்துக்கு ஒரு போன் எடுக்கலாம். எடுக்காமலும் விடலாம். நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். ஒண்ணும் ஆகாது என்று இன்னொரு தடவை என் வாயால் சொல்லமாட்டேன்.

இத்ரூஸ் ஏறிவிட்டான். இல்லை, ஒரு கால்தான் படியில். அவன் உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். கார்ட் பச்சைக் கொடியை விரித்துவிட்டார். லெட்சுமணன் இன்னும் 'போங்க, போங்க' என்றுதான் சொல்கிறான். கையைக் கம்பியிலிருந்து எடுக்கவில்லை.

வழியில் நிற்காதீர்கள். ஏறுவதென்றால் ஏறுங்கள், இறங்குவதென்றால் இறங்குங்கள்.